எதைக் கரையவிடுவது? உப்புநீரில் படகுப் புரொப்பல்லரைக் காக்கும் வழிகள்

விசைப்படகு ஒன்றைக் கரையேற்றி அதன் பின்பக்கத்தை அடியிலிருந்து பார்த்தால் நாலைந்து உலோகங்கள் அடுத்தடுத்துக் கண்ணில் படும். வெண்கலப் புரொப்பல்லர், அது மாட்டப்பட்ட எஃகுத் தண்டு, தண்டைத் தாங்கும் கூடு, சுக்கான், இவற்றை இறுக்கும் போல்ட்டுகள். எல்லாம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. எல்லாம் ஒரே உப்புநீரில் மூழ்கிக் கிடக்கின்றன. மின்கலம் அமைய இதற்குமேல் எதுவும் வேண்டாம். எலெக்ட்ரான்களை எளிதில் விட்டுக்கொடுக்கும் உலோகம் கரையும், விட்டுக்கொடுக்காதது தப்பிக்கும். இதை எப்படித் தடுப்பது என்ற கேள்விக்கு இரண்டரை நூற்றாண்டாக விடைகள் சேர்ந்திருக்கின்றன. ஒன்றும் முழு விடையாக நிலைக்கவில்லை. ஒன்றும் முற்றிலும் தோற்றுப்போகவும் இல்லை. ஒவ்வொரு விடையும் அரிப்பை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்துகிறது. ஆகவே ஒவ்வொன்றையும் மதிப்பிடும்போது, எதைக் கரையவிட்டு எதைக் காக்கிறது என்று பார்ப்பதே பயனுள்ளது.

பழுப்புத் தாள் காத்த ஆணிகள்

புரொப்பல்லர் பிறப்பதற்கு முன்பே இந்தச் சிக்கல் பிறந்துவிட்டது. 1761-இல் பிரிட்டிஷ் கடற்படை ‘அலார்ம்’ என்ற மரக்கப்பலின் அடிப்பகுதியைச் செம்புத் தகடுகளால் போர்த்தியது. மரத்தைத் துளைக்கும் கடற்புழுக்களையும், ஒட்டிக்கொள்ளும் பாசி, சிப்பிகளையும் தடுப்பதே நோக்கம். கப்பல் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய்வந்தபின் 1763-இல் சோதித்தார்கள். செம்பு நன்றாக இருந்தது. செம்பைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பாணிகள் பல இடங்களில் துருக்குழம்பாகியிருந்தன. சில ஆணிகள் மட்டும் அப்படியே இருந்தன. தகடுகளைச் சுற்றிவந்த பழுப்புத் தாள், அந்த ஆணிகளுக்கும் செம்புக்கும் நடுவே கிழியாமல் தங்கியிருந்ததுதான் காரணம்.

கால்வானியும் வோல்ட்டாவும் வருவதற்கு முன்பே கிடைத்த சான்று இது. இரு உலோகங்களைத் தொடவிடாதே என்ற விடை இங்கிருந்துதான் தொடங்குகிறது. ரப்பர் வளையம், நைலான் வாஷர், பிளாஸ்டிக் உறை என்று அது இன்றுவரை பல உருவங்களில் தொடர்கிறது. கொள்கையளவில் இதில் பிழை ஏதும் இல்லை. நடைமுறையில் ஒரு பெரிய குறை உண்டு. இன்ஜினிலிருந்து தண்டு வழியாகப் புரொப்பல்லர்வரை விசை உலோகத்தின் வழியாகவே போயாக வேண்டும். தண்டையும் புரொப்பல்லரையும் தாள் வைத்துப் பிரிக்க முடியாது. அதனால் பிரிக்க முடிந்த இடங்களுக்கு மட்டுமே இந்த வழி உதவும்.

டேவியின் தீர்வும் அதன் தோல்வியும்

1824-இல் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி சிக்கலைத் தலைகீழாக்கினார். அவருக்கு முன் வைக்கப்பட்ட கேள்வி, செம்புத் தகடுகளே கடலில் கரைவதை எப்படி நிறுத்துவது என்பது. செம்பை விட எளிதில் கரையும் இரும்பையோ துத்தநாகத்தையோ அதோடு சேர்த்துவிட்டால், அது கரைந்து செம்பைக் காக்கும் என்று அவர் ராயல் சொசைட்டியில் காட்டினார். செம்பின் பரப்போடு ஒப்பிட்டால் மிகச் சிறிய துண்டே போதுமாக இருந்தது. ‘சாமராங்’ என்ற கப்பலில் வார்ப்பிரும்புத் துண்டுகளைப் பொருத்தி நோவா ஸ்கோஷியாவரை அனுப்பிப் பார்த்தார்கள். செம்பு காப்பாற்றப்பட்டது.

ஆனால் காப்பாற்றப்பட்ட செம்பின்மேல் பாசியும் கொட்டலசும் அடர்ந்து வளர்ந்தன. செம்பு சிறிது சிறிதாகக் கரைந்து நீரில் நஞ்சாகக் கலந்ததால்தான் அதுவரை எதுவும் ஒட்டாமல் இருந்தது. கரைவதை நிறுத்தியதும் அந்தக் காவலும் நின்றுவிட்டது. கப்பல்கள் வேகம் குறைந்து ஊர்ந்தன; சில ஆண்டுகளுக்குள் கடற்படை இந்த முறையைக் கைவிட்டது. டேவிக்கு அது பெரிய மனக்கசப்பு. அறிவியல் வரலாற்றில் இது ஒரு தோல்வியாகவே பெரும்பாலும் எழுதப்படுகிறது. அந்தத் தீர்ப்பு நியாயமானதாகப் படவில்லை. அவர் கண்ட விதி சரியானது. அதன் விலை எங்கே வசூலாகும் என்பதுதான் முன்கூட்டித் தெரியாமல் போயிற்று. இன்றும் நன்கு காக்கப்பட்ட வெண்கலப் புரொப்பல்லரில் சிப்பிகள் கூடுதலாக ஒட்டுவதைப் பற்றிய குறை எழத்தான் செய்கிறது; டேவி சந்தித்த அதே இடர்ப்பாடு அது.

1830-களின் பிற்பாதியில் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித்தும் ஜான் எரிக்சனும் திருகு புரொப்பல்லரை நடைமுறைக்குக் கொண்டுவந்தபின், இரும்பு உடலும் செம்புக் கலவைப் புரொப்பல்லரும் ஒரே கப்பலில் சேர்ந்தன. இப்போது காக்கப்பட வேண்டியது இரும்பு. டேவியின் விதிக்கு மறுவாழ்வு கிடைத்தது.

பலியாகும் உலோகம் எது

இன்று உலகெங்கும் மிகப் பரவலாக உள்ள வழி இதுதான். தண்டில் வளையமாகவோ, சுக்கானில் தட்டாகவோ, புரொப்பல்லர் முனையில் கூம்பாகவோ ஓர் உலோகத் துண்டைப் பொருத்துகிறார்கள். அது கரைந்து மற்றவற்றைக் காக்கிறது. கரைந்ததும் புதிதாக மாற்றுகிறார்கள். எந்த உலோகம் என்பதில்தான் கருத்து வேறுபாடு.

வெள்ளி–வெள்ளி குளோரைடு ஒப்பீட்டு மின்முனையை வைத்துக் கடல்நீரில் அளந்தால், வெண்கலம் சுமார் −0.3 வோல்ட் காட்டும். சாதாரண எஃகு −0.6-ஐ ஒட்டி, அவுட்போர்டு என்னும் வெளிப்புற இன்ஜின்களின் கால்களில் வரும் அலுமினிய வார்ப்பு −0.75-ஐ ஒட்டி. துத்தநாகம் சுமார் −1.03, காப்புக்கென்றே தயாரிக்கும் அலுமினியக் கலவை −1.1, மக்னீசியம் −1.5-க்கும் கீழே. இடைவெளி கூடக்கூடத் தள்ளுவிசை கூடும்.

துத்தநாகம் நெடுங்காலம் கேள்வியின்றி ஆண்டது. அதன் பலவீனம் 1950-களின் ஆய்வுகளில் தெளிவானது. துத்தநாகத்தில் இரும்பு மிகச் சிறிய அளவில் கலந்திருந்தாலே அதன்மேல் கெட்டியான படலம் மூடி, கரைவது நின்றுவிடும். அமெரிக்க இராணுவத் தர விதி இரும்பை 0.005 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்துவது இதனால்தான். இரும்பின் தீங்கைக் குறைக்கக் காட்மியம் சிறிது சேர்க்கிறார்கள். காட்மியமோ நச்சு உலோகம். பழைய துத்தநாகத்தை உருக்கி வார்த்த துண்டு பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். இரும்பு எவ்வளவு என்பது அதைப் பார்த்துத் தெரியாது.

அலுமினியக் கலவையின் பக்கம் இன்று சாய்வு கூடியிருக்கிறது. தூய அலுமினியம் இதற்கு உதவாது, ஆக்சைடு படலம் உடனே மூடிக்கொள்ளும். சுமார் 5 சதவீதத் துத்தநாகமும் 0.02 சதவீத அளவில் இண்டியமும் சேர்த்தால் அந்தப் படலம் நிலைக்காது. எடைக்கு எடை பார்த்தால் லாபம் தெளிவு. ஒரு கிலோ துத்தநாகம் தரும் மின்னேற்றம் 780 ஆம்பியர்-மணி. அலுமினியக் கலவை சுமார் 2500 தரும். எப்போதும் 100 மில்லியாம்பியர் கேட்கும் ஒரு படகுக்கு ஆண்டுக்கு 876 ஆம்பியர்-மணி வேண்டும். துத்தநாகம் என்றால் ஒரு கிலோவுக்குச் சற்று மேல், அலுமினியம் என்றால் 350 கிராம். ஆற்றுமுகத்து உவர்நீரிலும் அலுமினியக் கலவை தொடர்ந்து வேலை செய்கிறது. துத்தநாகம் அங்கே படலம் கட்டி மந்தமாகிவிடலாம்.

மக்னீசியம் நன்னீருக்கு உரியது. கடலில் அது மிக வேகமாகக் கரைவதோடு, தேவைக்கு மேல் தள்ளிவிடவும் செய்கிறது. மிகையான காப்பு கெடுதல் என்பது பலரும் கவனிக்காத செய்தி. காக்கப்படும் உலோகத்தின் பரப்பில் காரம் உருவாகிறது. அலுமினியம் அமிலத்தில் மட்டுமல்ல, காரத்திலும் கரையும். அலுமினியக் கால் −1.2 வோல்ட்டுக்குக் கீழே தள்ளப்பட்டால் காப்பே அரிப்பாக மாறும். பெயின்ட் கொப்புளித்து உரியும்.

பலி உலோகம் சரியாக வேலை செய்கிறதா என்பதைக் கண்ணாலும் ஓரளவு அறியலாம். பள்ளம் பள்ளமாக அரிபட்டு, வெண்சாம்பல் நிறப் பொடி படிந்து, பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் அது தன் வேலையைச் செய்திருக்கிறது. ஒரு பருவம் ஓடியபின்னும் புதிது போலவே இருந்தால் அதை மிச்சமாக எண்ணி மகிழக் கூடாது. அடியில் பெயின்ட் இருக்கலாம், போல்ட் துருவேறி மின்தொடர்பு அறுந்திருக்கலாம், இன்ஜினுக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள ரப்பர் கப்ளிங் சுற்றையே துண்டித்திருக்கலாம். தண்டு சுழலும்போது தாங்கியில் உள்ள எண்ணெய்ப் படலம்கூட மின்தடையாகிறது. உடலில் பற்றவைத்த துண்டுகள் நின்றிருக்கும் புரொப்பல்லரைக் காத்து, ஓடும் புரொப்பல்லரைக் கைவிடுவது இதனால்தான். பெரிய கப்பல்களில் தண்டைச் சுற்றி வளையமும் அதன்மேல் உரசும் பிரஷ்ஷும் வைத்து இந்த இடைவெளியை இணைக்கிறார்கள். சிறு படகுகளில் தண்டின்மேலேயே துண்டை மாட்டுவது எளிய வழி.

மின்னோட்டத்தை நாமே செலுத்துவது

கரையும் உலோகம் தருவது மின்னோட்டம்தான் என்றால், அதை பேட்டரியிலிருந்து தரலாமே? 1950-களில் பெரிய கப்பல்களுக்கு இந்த முறை வளர்ந்தது. பிளாட்டினம் பூசிய டைட்டானியம் போன்ற, தான் கரையாத மின்முனை ஒன்று கடலுக்குள் மின்னோட்டத்தைச் செலுத்தும். ஒப்பீட்டு மின்முனை அழுத்தத்தை அளந்து சொல்லும். கட்டுப்பாட்டுப் பெட்டி கூட்டிக் குறைக்கும். வோல்வோ பென்டா 1959-இல் அறிமுகம் செய்த ‘அக்வாமேட்டிக்’ வகை ஸ்டெர்ன்டிரைவ்கள் (படகின் பின்புறம் வெளியே தொங்கும் டிரைவ்கள்) பரவியபோது, பெரிய அலுமினிய வார்ப்பு எப்போதும் உப்புநீரில் கிடக்கும் நிலை வந்தது. அவற்றுக்கும் இதே கொள்கையில் சிறிய அமைப்புகள் வந்தன.

தேவைக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் காப்பு இது ஒன்றே. நீரின் உப்பும் வெப்பமும் மாறினாலும், பெயின்ட் உரிந்தாலும் ஈடுகொடுக்கும். ஆனால் பேட்டரி இறங்கினால் காப்பும் இறங்கிவிடும். ஒப்பீட்டு மின்முனையைச் சிப்பி மூடிவிட்டால் தவறான அளவைக் கொண்டு பெட்டி மின்னோட்டத்தை ஏற்றிவிடக் கூடும். இணைப்பு எதிர்மாறாக அமைந்துவிட்டால் காக்க வேண்டிய டிரைவே பலி உலோகமாகிவிடும். பராமரிக்க ஆள் உள்ள கப்பலுக்கு இது மிகப் பொருத்தம். வாரக்கணக்கில் கவனிப்பாரின்றிக் கட்டிக்கிடக்கும் சிறு படகுக்குத் தனியாக இதை மட்டும் நம்புவது துணிச்சல்.

உலோகத்தையே மாற்றினால்

இன்னொரு தரப்பு, காப்பை விடுத்து உலோகத்தைத் திருத்து என்கிறது. 1876-இல் பெர்சிவல் பார்சன்ஸ் காப்புரிமை பெற்ற ‘மாங்கனீசு வெண்கலம்’ புரொப்பல்லர் வார்ப்பில் நெடுங்காலம் கோலோச்சியது. பெயர் வெண்கலம் என்றாலும் அதன் கலவை பித்தளைக்குரியது: 60 சதவீதத்தை ஒட்டிச் செம்பு, மீதியில் பெரும்பகுதி துத்தநாகம். உப்புநீரில் அந்தத் துத்தநாகம் மட்டும் தேர்ந்து கரைந்து வெளியேறலாம். வடிவமும் அளவும் மாறாமல் இருக்கும். உள்ளே எஞ்சுவது நொய்ந்த செம்புச் சல்லடை. சுரண்டினால் மஞ்சளுக்குப் பதில் இளஞ்சிவப்புத் திட்டுகள் தெரியும். சுத்தியலால் தட்டினால் கணீரென்று ஒலிக்காமல் மந்தமாக ஒலிக்கும். புரொப்பல்லரின் இலை முறிந்தபின்தான் பலருக்கு இது தெரியவருகிறது.

அதன் இடத்துக்கு வந்தது நிக்கல்-அலுமினிய வெண்கலம்: சுமார் 80 சதவீதச் செம்பு, 9 முதல் 10 சதவீத அலுமினியம், நிக்கலும் இரும்பும் நாலைந்து சதவீதம் வீதம். இன்று பெரிய கப்பல்களின் புரொப்பல்லர்கள் பெரும்பாலும் இதில்தான் வார்க்கப்படுகின்றன. ‘எம்மா மேர்ஸ்க்’ என்ற கொள்கலன் கப்பலுக்கு வார்த்தது 130 டன்னுக்குச் சற்று அதிகம். உறுதியானது, அரிப்பையும் கேவிட்டேஷன் என்னும் குமிழி வெடிப்பின் தாக்குதலையும் நன்றாகத் தாங்கும். எனினும் இதுவும் முழு விடையன்று. இடுக்குகளில் நீர் அமிலத்தன்மை அடையும்போது அதன் நுண்கட்டமைப்பில் சில பகுதிகள் மட்டும் தேர்ந்து அரிபடுகின்றன. சாக்கடை கலந்த துறைமுக நீரில் உள்ள சல்ஃபைடு, செம்புக் கலவைகள் அனைத்தின் காப்புப் படலத்தையும் கெடுக்கிறது.

துருப்பிடிக்காத எஃகின் கதை இன்னும் வேறு. ஆக்சிஜன் கிடைக்கும்வரை அதன் குரோமியம் ஆக்சைடு படலம் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். அப்போது அது வெண்கலத்தையும் விட நிலையானது. தண்டுக் குழாய்க்குள் நீர் தேங்கி ஆக்சிஜன் தீர்ந்துவிட்டால் அந்தப் படலம் உடைகிறது. வெளியே பளபளக்கும் தண்டு, பேரிங்குக்குள் ஆழக் குழிவிழுந்திருக்கும். ஓடும் படகில் நீர் புதிதாகிக்கொண்டே இருப்பதால் இந்த ஆபத்து குறைவு. கட்டிக்கிடக்கும் படகுக்கே அது அதிகம். அலுமினியக் கால் கொண்ட அவுட்போர்டில் துருப்பிடிக்காத எஃகுப் புரொப்பல்லரை மாட்டினால், புரொப்பல்லர் பல்லாண்டு நிற்கும். அலுமினியக் கால் அதற்கு விலை கொடுக்கும். நிலையான உலோகத்தின் பரப்பு பெரிதாகவும், கரையும் உலோகத்தின் திறந்த பரப்பு சிறிதாகவும் இருந்தால் அரிப்பு அந்தச் சிறு பரப்பில் குவியும் என்பது இத்துறையில் மாறாத விதி.

இதே விதி பெயின்டுக்கும் பொருந்தும். கரையும் உலோகத்துக்கு மட்டும் பூசிவிட்டு வெண்கலத்தைத் திறந்துவிட்டால், பூச்சில் விழும் ஒவ்வொரு கீறலிலும் மொத்தத் தாக்குதலும் குவியும். இரண்டுக்கும் பூச வேண்டும், அல்லது நிலையான உலோகத்துக்காவது பூச வேண்டும். சுழலும் இலையில் பூச்சு நிற்பது கடினம். சிலிக்கோன் வகைப் பூச்சுகள் ஓரளவு தாக்குப்பிடிக்கின்றன. செம்பு ஆக்சைடு கலந்த பாசித்தடுப்புப் பெயின்டை அலுமினிய டிரைவில் நேரே பூசுவதைத் தவிர்க்கச் சொல்வதில் மட்டும் எல்லாத் தரப்பும் ஒத்துப்போகின்றன.

பிணைப்பதா, பிரிப்பதா

மிகக் காரமான விவாதம் இதுதான். நீரில் மூழ்கிய எல்லா உலோகங்களையும் தடித்த செம்புக் கம்பியால் இணைத்து, ஒரே பலி உலோகத் தொகுதியால் காக்கலாம் என்கிறது ஒரு தரப்பு. அமெரிக்கப் படகு, யாட் கவுன்சிலின் விதிகளை ஒட்டிய நடைமுறை இந்தப் பக்கம் சாய்கிறது. மின்கசிவு ஏற்பட்டால் அது எளிய பாதையில் திரும்பிவிடும் என்பதும் இவர்கள் வாதம். ஒவ்வொன்றையும் தனித்தே விடு, கம்பியே சிக்கலைப் பரப்பும் பாதை என்கிறது மறுதரப்பு. மரப்படகுகளில் இவர்கள் கை ஓங்கியிருக்கிறது. அளவுக்கு மிஞ்சிய துத்தநாகம் வெண்கலப் போல்ட்டைக் காக்கும்போது, போல்ட்டைச் சுற்றி உருவாகும் காரம் மரத்தின் லிக்னினைக் கரைத்துவிடும். போல்ட் புதிது போலிருக்க, அதைச் சுற்றிய மரம் வெள்ளை உப்பு பூத்து நார்நாராகப் பிரியும்.

இந்த இரு தரப்பும் பேசுவது, வெவ்வேறு உலோகங்கள் இணைவதால் வரும் கால்வானிக் அரிப்பை. அதைவிடக் கொடியது படகின் 12 வோல்ட் மின்சுற்றிலிருந்து கசியும் மின்னோட்டம். பில்ஜ் பம்ப்பின் கம்பி உறை கிழிந்து அடிநீரில் தோய்ந்தால் போதும். ஒரு ஆம்பியர் தொடர்ந்து கசிந்தால் ஒரு நாளில் சுமார் 28 கிராம் செம்போ 25 கிராம் இரும்போ கரையும். கால்வானிக் அரிப்பு மாதக்கணக்கில் செய்வதை இது நாட்களில் செய்துவிடும். எந்தப் பலி உலோகமும் இதற்கு ஈடுகொடுக்காது. கரை மின்சாரத்தில் இணைத்த படகுகளுக்கு இன்னொரு வழியும் திறக்கிறது: தரைக்கம்பி வழியாகப் பக்கத்துப் படகின் உலோகங்களோடு ஒரே மின்கலமாவது. டையோடுகளால் ஆன கால்வானிக் ஐசொலேட்டரும், அதைவிட உறுதியான ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரும் அதற்காக வந்தவை.

இந்த விவாதம் முடியாததற்கு ஒரு காரணம், இரு தரப்பும் வெவ்வேறு படகுகளை மனத்தில் வைத்துப் பேசுவது. எஃகு உடலில் பிணைப்பு தானாகவே இருக்கிறது. மரத்தில் பிணைப்பு ஆபத்தாகலாம். ஃபைபரில் இரண்டும் செல்லும். எந்தப் படகிலும் ஒப்பீட்டு மின்முனையை நீரில் தொங்கவிட்டு வோல்ட்மீட்டரால் தொட்டுப் பார்த்தால், எஃகு −0.8-க்குக் கீழே இருக்கிறதா, வெண்கலம் தன் இயல்பு நிலையிலிருந்து 200 மில்லிவோல்ட் இறங்கியிருக்கிறதா, அலுமினியம் அளவுக்கு மேல் தள்ளப்பட்டிருக்கிறதா என்று சில நிமிடங்களில் தெரிந்துவிடும். இந்தச் சிறு கருவி படகுத் தொழிலில் பரவாமல் போனதுதான் பெரிய இழப்பு. அனுமானங்கள் கொள்கைகளாகி நிற்பதற்கு அந்த இடைவெளியே இடம் தருகிறது.

நம் கரையில்

காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் தந்த நிலத்திலும் 15 லட்சம் ரூபாய் நன்கொடையிலும் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953-இல் திறக்கப்பட்டது. மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் அதற்குக் கடல்சார் அரிப்பு ஆய்வு நிலையங்கள் அமைந்தன. நாட்டில் அரிப்பு வேகம் மிக அதிகமாகப் பதிவான இடங்களுள் மண்டபமும் ஒன்று. கொச்சியில் உள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனமும் மீன்பிடிப் படகுகளுக்கான பலி உலோகங்களில் ஆய்வு செய்திருக்கிறது. அறிவு அருகிலேயே இருக்கிறது.

ஆனால் கையேடுகள் சொல்லும் சூழல் இங்கே முழுதாகப் பொருந்தாது. கரை மின்சாரம் நம் மீன்பிடிப் படகுகளுக்கு முதன்மைக் கவலை அன்று. மணலில் ஏறும் ஃபைபர் படகின் நீள்தண்டுப் புரொப்பல்லர் வேலை முடிந்ததும் நீரை விட்டு மேலே தூக்கப்படுகிறது. அரிப்புக்கு அதைவிட மலிவான மருந்து இல்லை. விசைப்படகு அப்படியன்று. மீன்கழிவு கலந்த துறைமுக நீரிலும், மழைக்காலத்தில் நன்னீர் இறங்கும் ஆற்றுமுகங்களிலும் அது கட்டிக்கிடக்கிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் பல படகுகள் கரையேறிப் பழுதுபார்க்கப்படுகின்றன. காற்றில் நிற்கும் துத்தநாகத்தில் படலம் கட்டுகிறது. மறுபடி நீரில் இறக்கும்போது அது உடனே விழித்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. கம்பித் தூரிகையால் சுரண்டிவிடுவதும், பெயின்ட் படாமல் பார்ப்பதும் இந்தத் தடைக்காலத்தில் செய்ய வேண்டிய சிறு வேலைகள். உலோகங்களின் கலவை இன்னதென்று தெரிந்து வாங்குவது இவற்றைவிடக் கடினமானது. எதை உருக்கி வார்த்தார்கள் என்பது வாங்குகிறவருக்குத் தெரியாத இடத்தில் கலவை விதிகள் எழுத்தாகவே நிற்கும்.

எஞ்சும் கேள்விகள்

சில செய்திகளில் இனி ஐயம் இல்லை. கசிவு மின்னோட்டத்தை முதலில் தேடி நிறுத்த வேண்டும். காப்பு குறைந்தாலும் மிகுந்தாலும் கேடு. உப்புநீரில் மக்னீசியம் வேண்டாம். துத்தநாகத்தை விட அலுமினியக் கலவைக்குச் சான்றுகள் வலுவாகிவருகின்றன. அதன் சுற்றுச்சூழல் விலை பற்றிய கேள்வி மட்டும் முடிந்தபாடில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 2013 கப்பல் அனுமதி விதிகள் துத்தநாகத்தைவிட அலுமினியத்தை முன்வைத்தன. ஆனால் நூற்றுக்கணக்கான படகுகள் நெருங்கி நிற்கும் மூடிய துறைமுகத்தின் அடிச்சேற்றில் கரைந்த அலுமினியமும் இண்டியமும் நெடுங்காலத்தில் என்ன செய்யும் என்பது இன்னும் விரிவாக ஆராயப்பட வேண்டியது.

மின்னோட்டத் தேவையைக் கணக்கிடுவதும் தீராத சிக்கல். வெப்பக் கடலில் காக்கப்படும் பரப்பின்மேல் சுண்ணாம்புப் படிவு விரைவில் படிந்து தேவையைக் குறைக்கும் என்பதால், கடலடிக் கட்டுமான வடிவமைப்பு விதிகள் வெப்பக் கடல்களுக்குக் குறைவான மின்னோட்டத்தையே கேட்கின்றன. சுழலும் புரொப்பல்லரில் அந்தப் படிவு நிற்பதில்லை. அந்த விதிகளை அப்படியே சிறு படகுக்குக் கொண்டுவருவது எவ்வளவு சரி என்பது உறுதியாகவில்லை. நம் கரைக்கு வேண்டியது இதற்கான நேரடி அளவீடு. சில விசைப்படகுகளின் புரொப்பல்லர், தண்டு, சுக்கான் ஆகியவற்றின் மின்னழுத்தத்தைத் தடைக்காலத்துக்கு முன்னும் பின்னும், துறைமுகத்தில் கட்டியிருக்கும்போதும் கடலில் ஓடும்போதும், கோடையிலும் வடகிழக்குப் பருவமழையிலும் அளந்து, கூடவே தேய்ந்த பலி உலோகத்தின் எடையையும் குறித்து வைத்தால், எத்தனை கிலோ, எங்கே, எந்த உலோகம் என்பதைப் படகுக்குப் படகு கணக்கிட முடியும்.